உங்கள் கேரக்டருக்கு எந்த விலங்கு துணை வர வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆளுக்கு ஒரு கேரக்டராகப் பேசி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட வருகிறவர்களிடம் "உங்க கேரக்டர் எப்படி இருக்கணும்?" என்று கேட்டால், பலர் வாளையும் மந்திரத்தையும் பற்றிப் பேசுவதற்கு முன்பே "கூட ஒரு ஓநாய் இருக்கணும்" என்கிறார்கள். அந்த ஆசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். டிஎம்மாக, அதாவது கதையை நடத்துபவராக உட்காரும்போது, ஒரு விலங்கு சேர்ந்ததும் மொத்த மேஜையும் கதைக்குள் இன்னும் நெருக்கமாக வருவதைப் பார்க்கிறேன். ஆனால் விதிப்புத்தகத்தைத் திறந்த உடனே குழப்பமும் தொடங்கிவிடுகிறது. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் ஐந்தாம் பதிப்புக்கு. அதன் அடிப்படைப் புத்தகம் 2014-ல் வந்தது, திருத்திய வடிவம் 2024-ல் வந்தது. நடுவில் 2020-ல் வந்த 'டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்' துணை விலங்கு விதிகளை நிறைய மாற்றியது. அதை 'டாஷா' என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

"கம்பேனியன், ஃபெமிலியர், மவுன்ட் எல்லாம் ஒண்ணுதானே?"

இல்லை, மூன்றும் வேறு வேறு. கம்பேனியன் என்பது ரேஞ்சரோடு (காடறிந்த வேட்டை வீரர்) சேர்ந்து சண்டை போடும் விலங்கு. ஃபெமிலியர் என்பது மந்திரத்தால் வரவழைக்கும் ஆவி. பார்க்கப் பூனை மாதிரியோ ஆந்தை மாதிரியோ இருக்கும், ஆனால் உள்ளே அது தேவலோகத்தையோ ஃபே என்னும் மாய உலகத்தையோ நரகத்தையோ சேர்ந்த ஒன்று. மவுன்ட் என்பது சவாரிக்கானது. காசு கொடுத்தும் வாங்கலாம், பாலடின் (புனித வீரர்) போல மந்திரத்தால் அழைத்தும் கொள்ளலாம்.

நான்காவதாக ஒரு வகை உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: கடையில் வாங்கிய சாதாரண நாய், வழியில் காப்பாற்றிய கழுதை. இவற்றுக்கு விசேஷ விதி எதுவும் கிடையாது, அவை டிஎம்மின் கையில் இருக்கும் பாத்திரங்கள். ஆனாலும் கதையில் அதிகம் நினைவில் நிற்பவை பல சமயம் இவைதான்.

"எந்த கிளாஸ் எடுத்தா மிருகம் கிடைக்கும்?"

கிளாஸ் என்பது கேரக்டரின் தொழில், லெவல் என்பது ஆட ஆட ஏறும் படி. சண்டைக்குத் துணை வேண்டும் என்றால் ரேஞ்சர், அதிலும் லெவல் 3-ல் எடுக்கும் பீஸ்ட் மாஸ்டர் என்ற உட்பிரிவு. ஃபெமிலியருக்கு மந்திரவாதியான விசார்ட், அல்லது பேக்ட் ஆஃப் தி செயின் என்ற தேர்வை எடுத்த வார்லாக் (வேற்றுலக சக்தியோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெற்றவர்). குதிரைக்கு பாலடின், 'ஃபைண்ட் ஸ்டீட்' ஸ்பெல் (மந்திரம்) லெவல் 5-ல் வரும்.

"ட்ரூயிட்தானே எப்பவும் மிருகத்தோட இருப்பாங்க?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பழைய பதிப்பை ஆடியவர்கள். 2003-ல் வந்த 3.5 பதிப்பில், இயற்கையின் சக்தியால் மந்திரம் செய்யும் ட்ரூயிட்டுக்கு முதல் லெவலிலேயே துணை விலங்கு உண்டு. 2014 புத்தகத்தில் அது இல்லை. அங்கே ட்ரூயிட் தானே விலங்காக மாறுவார். டாஷாவும் 2024 புத்தகமும், விலங்குருவம் எடுக்கும் சக்தியில் ஒரு முறையைச் செலவு செய்து ஃபெமிலியரை அழைத்துக்கொள்ள வழி தருகின்றன.

"லெவல் 3 வரைக்கும் காத்திருக்க முடியாது. முதல் நாளே வேணும்."

2014 விலைப்பட்டியலில் மாஸ்டிஃப் நாய் 25 தங்கக் காசு, ஒரு நாள் தீனி 5 செப்புக் காசு. எந்த கிளாஸும் வாங்கலாம். 5 ஹெச்பிதான் (உயிர்ப் புள்ளி) இருக்கும், ஆனால் மோப்பமும் காதும் கூர்மை, கடித்தால் எதிரியைக் கீழே தள்ளவும் வாய்ப்பு உண்டு. இரவுக் காவலுக்கு இதைவிட மலிவான ஆள் கிடையாது.

இன்னொரு வழி 'மேஜிக் இனிஷியேட்' ஃபீட், அதாவது கேரக்டர் எடுக்கும் கூடுதல் திறமை. அதில் விசார்ட் பட்டியலிலிருந்து 'ஃபைண்ட் ஃபெமிலியர்' எடுத்துக்கொள்ளலாம். 2024 விதியில் சேஜ் பின்னணி எடுத்தாலே இந்த ஃபீட் கூட வந்துவிடும். அதனால் ஒரு ஃபைட்டர்கூட முதல் நாளே தோளில் காக்கையோடு வரலாம்.

"சரி, எது பெஸ்ட்? ஒரே பேர் சொல்லுங்க."

சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலாக உங்களிடம் ஒரு கேள்வி: அந்த விலங்கு மேஜையில் என்ன செய்வதைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள்? எதிரியின் காலைக் கவ்வி இழுப்பதா, சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதா, உங்களைச் சுமந்து ஓடுவதா, இல்லை நெருப்புக்குப் பக்கத்தில் உங்கள் கேரக்டரோடு படுத்திருப்பதா?

இந்த நாலில் ஒன்றைத் தேர்ந்தால் மீதி தானாக அமையும். கவ்வி இழுக்க பீஸ்ட் மாஸ்டர், எட்டிப் பார்க்க ஃபெமிலியர், சுமக்க ஸ்டீட் அல்லது வாங்கிய குதிரை, கூடப் படுத்திருக்க எந்த விலங்கும் போதும். இந்தக் கேள்வியைத் தாண்டி நேராக "அதிக டேமேஜ் எது?" என்று போகிறவர்கள், மூன்றாவது நாள் ஆட்டத்தில் தங்கள் விலங்கின் பெயரையே சொல்லாமல் "என் பீஸ்ட் அட்டாக்" என்று மட்டும் சொல்வதைப் பார்க்கிறேன். அதுதான் எனக்கு வருத்தம்.

"ரேஞ்சருக்கு ஓநாயா, சிறுத்தையா? 2014 ரூல்ஸ்தான் ஆடறோம்."

2014 விதிப்படி மீடியம் (ஏறக்குறைய மனித) அளவைத் தாண்டாத, சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியாக வந்தால் எவ்வளவு கடினம் என்ற எண்) 1/4 அல்லது அதற்குக் கீழே உள்ள விலங்குதான் எடுக்க முடியும். அதனால்தான் கரடியும் புலியும் பட்டியலில் வருவதில்லை. கருங்கரடி 1/2, புலி 1. ஓநாய், சிறுத்தை, காட்டுப்பன்றி, ராட்சத விஷப்பாம்பு, டெரனோடான் (பறக்கும் பழங்கால ஊர்வன) எல்லாம் 1/4-ல் அடங்கும்.

ஓநாய்க்கு இரண்டு பலம். எதிரியின் பக்கத்தில் உங்கள் கூட்டாளி யாராவது நின்றால் அதற்கு அட்வான்டேஜ் (டைஸை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுப்பது), கடித்தால் எதிரி விழ வாய்ப்பு. லெவல் 3 ரேஞ்சரோடு இருக்கும்போது அதன் ஏசி (அடி படாமல் காக்கும் எண்) 13-லிருந்து 15 ஆகும், அட்டாக் +6 ஆகும், டேமேஜ் 2டி4+4 (நாலு முக டைஸ் இரண்டு, அதோடு 4) ஆகும். ஹெச்பி மட்டும் 12-தான் (ரேஞ்சர் லெவலை நாலால் பெருக்கியது அல்லது விலங்கின் சொந்த ஹெச்பி, எது அதிகமோ அது). சிறுத்தை 50 அடி ஓடும், மரம் ஏறும், ஓடிப் பாய்ந்து வீழ்த்தும். ஆனால் கூட்டாளியோடு நின்று வரும் அட்வான்டேஜ் அதற்கு இல்லை. உங்கள் கூட்டத்தில் முன்னால் நிற்கும் ஃபைட்டரோ பாலடினோ இருந்தால் ஓநாய், எல்லோரும் தூரத்தில் நின்று அம்பு விடுகிறவர்கள் என்றால் சிறுத்தை.

ராட்சத விஷப்பாம்பை யாரும் எடுப்பதில்லை. ஆனால் அதன் விஷம் 3டி6, ஆரம்ப லெவல்களில் அது பெரிய அடி. விஷம் ஏறாத எதிரிகள் நிறைய உண்டு என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். எலும்புக்கூடுகளும் பேய்களும் நிறைந்த கதை என்றால் வேண்டாம்.

"பீஸ்ட் மாஸ்டர் வீக்குன்னு எல்லாரும் சொல்றாங்களே?"

2014 வடிவத்தைப் பற்றி என்றால் அந்தக் குறை நியாயமானது. ஓநாய் கடிக்க வேண்டும் என்றால் நீங்கள் உங்கள் முறைக்குரிய முக்கியச் செயலான ஆக்‌ஷனைச் செலவு செய்து கட்டளை இட வேண்டும். அதாவது ஓநாய் கடித்தால் நீங்கள் அம்பு விட முடியாது. லெவல் 5 வந்த பிறகுதான், அது கடிக்கும்போது நீங்களும் ஒரு முறை தாக்கலாம். கட்டளை இல்லாவிட்டால் அது தாக்காது. ஆசையாக ஓநாயோடு வந்தவருக்கு முதல் சண்டையிலேயே இது பெரிய ஏமாற்றம்.

டாஷா இதைச் சரி செய்தது. அதில் வரும் 'பிரைமல் கம்பேனியன்', முக்கியச் செயலுக்கு மேல் கிடைக்கும் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷனில் கட்டளை கேட்கும், அல்லது உங்கள் அட்டாக்குகளில் ஒன்றை விட்டுக்கொடுத்தும் அதைத் தாக்கச் சொல்லலாம். கட்டளை கொடுக்காவிட்டால் தானே டாட்ஜ் செய்து தன்னைக் காத்துக்கொள்ளும். 2024 புத்தகமும் இதே வழியில்தான் போகிறது. உங்கள் மேஜையில் 2014 விதி ஓடினாலும், டாஷா வடிவத்தை அனுமதிக்கும்படி டிஎம்மிடம் கேளுங்கள். நான் எப்போதும் அனுமதிக்கிறேன்.

"நிலம், கடல், வானம்னு மூணு இருக்கே, எதை எடுக்கறது?"

பிரைமல் கம்பேனியனில் தனித்தனி ஓநாய், சிறுத்தை என்று இல்லை. நில விலங்கு, கடல் விலங்கு, வான விலங்கு என்று மூன்று அட்டவணைகள்தான். தோற்றம் உங்கள் இஷ்டம். நில விலங்கை ஓநாய் என்றும் சொல்லலாம், காட்டெருமைக் கன்று என்றும் சொல்லலாம்.

நில விலங்கு 40 அடி ஓடும், அதே வேகத்தில் ஏறும். 20 அடி நேராக ஓடி வந்து முட்டினால் கூடுதல் 1டி6 அடி, எதிரி விழவும் செய்யலாம். ஹெச்பி 5, அதோடு ரேஞ்சர் லெவலின் ஐந்து மடங்கு. லெவல் 3-ல் 20, லெவல் 11-ல் 60. அதே லெவல் 11-ல் 2014 ஓநாய்க்கு 44-தான். வான விலங்குக்கு ஹெச்பி குறைவு (4, அதோடு லெவலின் நாலு மடங்கு), ஆனால் 60 அடி பறக்கும், எதிரியைத் தாண்டிப் போகும்போது அந்த எதிரி எதிர்வினையாகத் தாக்க முடியாது. பெரும்பாலான மேஜைகளுக்கு நில விலங்கே போதும். பள்ளத்தாக்கு, கோட்டை மதில் என்று உயரம் நிறைந்த கதைக்கு வானம்.

கடல் விலங்கு தரையில் 5 அடிதான் நகரும். கதை கப்பலில் நடந்தால் மட்டும் யோசியுங்கள். எப்படி இருந்தாலும் ஒவ்வொரு நீண்ட ஓய்வுக்குப் பிறகும் வேறு வகையை அழைக்கலாம், பழையது மறைந்துவிடும். அதனால் முதல் தேர்வை நினைத்து ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

"ஃபெமிலியர்னா எல்லாரும் ஆந்தையையே எடுக்கறாங்க, ஏன்?"

ஆந்தைக்கு 1 ஹெச்பிதான். ஆனால் 60 அடி பறக்கும், இருட்டில் 120 அடி பார்க்கும், வானக் கம்பேனியனைப் போலவே எதிர்வினைத் தாக்குதல் இல்லாமல் நழுவும். சண்டையில் அது 30 அடி பறந்து வந்து, எதிரியின் முகத்துக்கு நேரே சிறகடித்து உங்கள் நண்பருக்கு ஹெல்ப் செய்துவிட்டு, மீதி 30 அடி பறந்து போய்விடும். அந்த நண்பர் டி20-ஐ (இருபது முக டைஸ்) இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வார். 11 வேண்டிய இடத்தில் 50 சதவீத வாய்ப்பு 75 சதவீதம் ஆகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இது நடக்கும் என்றால் சின்ன விஷயமில்லை.

ஆனால் டிஎம்மாகச் சொல்கிறேன், ஒரே தந்திரம் தினமும் நடந்தால் சுவை போய்விடுகிறது. வில்லாளி இருக்கும் எதிரிக் கூட்டம் இரண்டாவது சுற்றில் அந்த ஆந்தையைக் குறி வைப்பது நியாயம்தான்.

"எனக்குப் பூனைதான் வேணும். அது நஷ்டமா?"

நஷ்டம் இல்லை. ஊருக்குள் நடக்கும் கதையில் பூனையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பகல் நேரத்தில் சந்தைக்கு நடுவே ஒரு ஆந்தை வந்து உட்கார்ந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். பூனை ஏறும், பதுங்கும், எந்த வீட்டுத் திண்ணையிலும் படுத்துக்கொள்ளும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: 2014 அட்டவணையில் பூனைக்கு இருட்டில் பார்க்கும் சக்தி தரப்படவில்லை. இதைக் கேட்டு எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள். நான் என் மேஜையில் அதைக் கொடுத்துவிடுகிறேன், உங்கள் டிஎம்மிடமும் கேட்டுப் பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொன்னால், வௌவால் 60 அடிக்குள் கண்ணே இல்லாமல் உணரும், அதனால் மறைந்து நிற்பவரையும் கண்டுபிடிக்கும். சிலந்தி கூரையிலும் நடக்கும், கதவிடுக்கிலும் நுழையும். காக்கை கேட்ட ஒலியைத் திருப்பிச் சொல்லும். ஆக்டோபஸ் தண்ணீர் இல்லாத கதையில் பாவம்.

"ஃபெமிலியரை அட்டாக் பண்ணச் சொல்லலாமா?"

சாதாரண ஃபெமிலியர் தாக்காது, விதி அதைத் தெளிவாகத் தடுக்கிறது. வேறு எந்த ஆக்‌ஷனும் செய்யலாம். அதோடு, நீங்கள் தொட்டுச் செய்ய வேண்டிய ஸ்பெல்லை அதன் மூலமாகச் செலுத்தலாம். அது 100 அடிக்குள் இருக்க வேண்டும், அதன் எதிர்வினையான ரியாக்‌ஷன் மிச்சம் இருக்க வேண்டும். விசார்ட் பின்னால் பாதுகாப்பாக நின்றபடி, ஆந்தையின் நகத்தால் மின் அதிர்ச்சி தரும் 'ஷாக்கிங் கிராஸ்ப்' கொடுக்கலாம். அதே வழியில், குணப்படுத்தும் 'க்யூர் வூண்ட்ஸ்' தெரிந்த கேரக்டரிடம் ஃபெமிலியர் இருந்தால், விழுந்து கிடக்கும் நண்பரிடம் அதை அனுப்பலாம். இந்த இரண்டாவது பயனைப் பலர் யோசிப்பதே இல்லை.

அதன் கண்ணால் பார்க்கவும் முடியும். 2014-ல் அதற்கு ஒரு ஆக்‌ஷன், 2024-ல் போனஸ் ஆக்‌ஷன். அந்த நேரத்தில் 2014 விதிப்படி உங்கள் சொந்தக் கண்ணும் காதும் வேலை செய்யாது. அதனால் பக்கத்தில் ஒரு காவலாள் வேண்டும்.

"ப்ரோ, எனக்கு யானை வேணும்."

வாங்குங்கள். 2014 விலைப்பட்டியலில் யானை 200 தங்கக் காசு, போர்க்குதிரையின் 400-ல் பாதி. 76 ஹெச்பி, 1,320 பவுண்டு சுமக்கும். ஆனால் சேலஞ்ச் ரேட்டிங் 4, அளவு ஹ்யூஜ் (மிகப் பெரியது). அதனால் முன்னே சொன்ன பீஸ்ட் மாஸ்டர் கணக்கில் அது எந்த வகையிலும் வராது.

உண்மையான சிக்கல் இடம். யானைக்குக் கட்டத்தில் 15-க்கு 15 அடி வேண்டும். நிலவறை வழிகள் பல சமயம் 5 அடி அகலம்தான். ஒரு அளவு சின்ன உடலுக்கான இடத்தில் நெருக்கிக்கொண்டு போகலாம், ஆனால் அதற்கே 10 அடி அகலம் வேண்டும். நெருக்கிப் போகும்போது நடை பாதியாகும், தாக்குவது கெடும், தாக்குகிறவர்களுக்கு அட்வான்டேஜ் கிடைக்கும். ஏணி வந்தால் கதை முடிந்தது. அதனால் யானை வெளியிலேயே நிற்கும், யார் பார்த்துக்கொள்வது என்று ஒவ்வொரு முறையும் பேச வேண்டியிருக்கும். பாலைவனப் பயணம், படையெடுப்பு, வணிகக் கூட்டம் என்று திறந்தவெளியில் நடக்கும் கதை என்றால் நான் முழு மனதோடு சரி சொல்வேன்.

யானைமேல் ஆசை தீராதவர்களுக்கு இன்னொரு வழி: லெவல் 7 விசார்ட் 'பாலிமார்ஃப்' ஸ்பெல்லால் நண்பரையே ஒரு மணி நேரத்துக்கு யானையாக்கலாம். அதற்குள் அந்த யானையின் ஹெச்பி தீர்ந்தாலோ விசார்டின் கவனம் கலைந்தாலோ நண்பர் பழைய உருவத்துக்கு வந்துவிடுவார்.

"நம்ம ராஜபாளையம் நாய், கீரி எல்லாம் புக்ல இல்லையே?"

எண்களை அப்படியே வைத்துக்கொண்டு தோற்றத்தை மட்டும் மாற்றுங்கள். ராஜபாளையத்துக்கு மாஸ்டிஃப் அட்டவணை பொருந்தும். சிப்பிப்பாறை பார்வையை நம்பி வேட்டையாடும் இனம், அதனால் மோப்பத்துக்குப் பதிலாகக் கூர்ந்த பார்வையைக் கொடுத்தால் நியாயமாக இருக்கும். கீரிக்கு ஃபெமிலியர் பட்டியலில் உள்ள வீசல் சரியாக ஒத்துப்போகும். 2024 விதியில் சேலஞ்ச் ரேட்டிங் 0 உள்ள வேறு எந்த விலங்கையும் ஃபெமிலியர் ஆக்கலாம் என்று வந்துவிட்டதால் இன்னும் எளிது.

தோற்றத்தை மாற்றும்போது புதிய சக்தி கேட்காமல் இருந்தால் எந்த டிஎம்மும் மறுக்க மாட்டார். "கீரி என்பதால் பாம்பு விஷம் ஏறக் கூடாது" என்று கேட்டால் அது பேரம், தனியாகப் பேச வேண்டியது.

"டிராகன் குட்டி கிடைக்குமா?"

இரண்டு வழி உண்டு. பேக்ட் ஆஃப் தி செயின் வார்லாக்குக்கு சூடோடிராகன் ஃபெமிலியராக வரும். பூனை அளவு, மந்திரத்தை எதிர்த்து நிற்கும், மனதோடு மனம் பேசும். இன்னொன்று, 2021-ல் வந்த டிராகன் புத்தகத்தில் உள்ள டிரேக்வார்டன் ரேஞ்சர். லெவல் 3-ல் சின்ன டிரேக் (டிராகன் வகை), லெவல் 7-ல் மேலே ஏறலாம் ஆனால் நீங்கள் மேலே இருக்கும்போது அது பறக்காது, லெவல் 15-ல் உங்களைச் சுமந்து பறக்கும். உங்கள் கதை எந்த லெவலில் முடியும் என்று முதலில் டிஎம்மிடம் கேளுங்கள். லெவல் 10-ல் முடிகிற கதையில் அந்தப் பறத்தல் வரவே வராது.

"ஓநாய் மேல ஏறி சவாரி பண்ணலாமா?"

சவாரிக்கு ஒரே விதி: விலங்கு உங்களைவிட ஒரு அளவாவது பெரிதாக இருக்க வேண்டும், ஏறி உட்காரும் உடல்வாகும் வேண்டும். ஓநாய் மீடியம். அதனால் மனிதரால் முடியாது, குட்டை இனத்தாரான ஹாஃப்லிங்கும் க்னோமும் தாராளமாக ஏறலாம். 2014 ஹாஃப்லிங் 25 அடிதான் நடப்பார், ஓநாய்மேல் 40 அடி. நான் பார்த்ததில் மிகவும் ரசித்து ஆடப்பட்ட ரேஞ்சர்கள் இந்தச் சின்ன ஆட்கள்தான்.

கவசம் போட நினைத்தால், 2014 விதியில் மனிதக் கவசத்தின் விலையைப் போல நாலு மடங்கு. 75 காசு செயின் மெயில் விலங்குக்கு 300 ஆகும்.

"என் ஓநாய்கிட்ட துப்பு கேட்கலாமா? கொலைகாரன் யாருன்னு அதுக்குத் தெரியுமே."

'ஸ்பீக் வித் அனிமல்ஸ்' ஸ்பெல் போட்டால் பேசலாம், பத்து நிமிடம் ஓடும், ரிச்சுவலாகவும் (ஸ்லாட் செலவில்லாமல் நிதானமாக) போடலாம். ஆனால் பதில் அந்த விலங்கின் அறிவுக்குள் அடங்கும். ஓநாய்க்கு இன்டெலிஜென்ஸ் 3. ஒரு நாளுக்குள் பார்த்ததையும் முகர்ந்ததையும் சொல்லும். "நெய் வாசம் அடிச்சவன், வலது கால் இழுத்து நடந்தான்" என்று சொல்லுமே தவிர, "மந்திரியின் மருமகன்" என்று சொல்லாது. டிஎம்களுக்கும் இது நல்ல வாய்ப்பு. ஒரு விலங்கு உலகத்தை எப்படி உணரும் என்று யோசித்துத் துப்புக் கொடுத்தால் அந்தக் காட்சி தனியாக நிற்கும்.

"செத்துப்போச்சுன்னா என்ன ஆகும்?"

ஃபெமிலியர் சாவதே இல்லை. உடல் மறையும், மறுபடி ஸ்பெல் போட்டால் அதே ஆவி வரும். ஒரு மணி நேரமும், 10 தங்கக் காசுக்குக் கரியும் சாம்பிராணி போன்ற வாசனைப் பொருளும் மூலிகையும் செலவு. பிரைமல் கம்பேனியன் இறந்து ஒரு மணி நேரத்துக்குள் என்றால், தொட்டு ஒரு ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் ஒரு வாய்ப்பு) செலவு செய்தால் ஒரு நிமிடத்தில் முழு ஹெச்பியோடு எழும்.

2014 பீஸ்ட் மாஸ்டரின் விலங்கு இறந்தால் இறந்ததுதான். எட்டு மணி நேரம் செலவிட்டு வேறு ஒரு விலங்கோடு பிணைப்பு ஏற்படுத்தலாம். வாங்கிய நாய்க்கு அதுவும் இல்லை. ஆனால் க்ளெரிக் (பூசாரி) ஒருவர் 'ரெவிவிஃபை' தெரிந்து 300 காசு வைரம் வைத்திருந்தால், ஒரு நிமிடத்துக்குள் அந்த நாயையும் உயிர்ப்பிக்கலாம். நாய்க்காக வைரம் செலவு செய்யலாமா என்று கூட்டம் பேசும் அந்த நிமிடம், என் மேஜையில் நடந்த மிக நல்ல காட்சிகளில் ஒன்று.

விலங்குக்குச் சாவைத் தடுக்கும் டெத் சேவ் உண்டா என்பது டிஎம் முடிவு. நான் பெயர் வைத்த எந்த விலங்குக்கும் கொடுக்கிறேன். விளையாடத் தொடங்கும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இறந்த பிறகு கேட்டால் மனக்கசப்பாகும்.

"டிஎம் என் நாயையே குறி வெச்சு அடிக்கிறார். என்ன பண்றது?"

முதலில் அது குறிதானா என்று பாருங்கள். கடிக்கும் விலங்கு எதிரிக்கு 5 அடிக்குள் நின்றுதான் ஆக வேண்டும், அதனால் அடி விழும். 'ஃபயர்பால்' என்ற நெருப்பு மந்திரம் 8டி6, சராசரி 28. லெவல் 5-ல் 2014 ஓநாய்க்கு 20 ஹெச்பி, நில விலங்குக்கு 30. அந்த வெடியில் நாய் சிக்குவது பெரும்பாலும் யாருடைய கோபமும் இல்லை. ஒரு முறை கடித்ததும் பின்வாங்கச் சொல்வது, ஆபத்து என்றால் கட்டளையே கொடுக்காமல் டாட்ஜில் விடுவது, இதையெல்லாம் பழகுங்கள்.

உண்மையிலேயே குறி என்றால் ஆட்டத்துக்கு வெளியே நேராகப் பேசுங்கள். "இந்த நாய் எனக்கு முக்கியம், இதை இழப்பது எனக்கு ஆட்டமாக இருக்காது" என்று சொன்னால் போதும். கேட்காத டிஎம்மிடம் விலங்கோடு ஆட வேண்டாம்.

"என் டர்ன் ரொம்ப நேரம் ஆகுதுன்னு மத்தவங்க முறைக்கிறாங்க."

ஆறு பேர் மேஜையில் நீங்கள் இரண்டு பேராக ஆடுகிறீர்கள், அதை மதிக்க வேண்டும். விலங்கின் ஏசி, ஹெச்பி, அட்டாக், டேமேஜ் நாலையும் ஒரு சின்ன அட்டையில் எழுதி வையுங்கள். அட்டாக் டைஸையும் டேமேஜ் டைஸையும் ஒன்றாக உருட்டுங்கள், உங்களுக்கு ஒரு நிறம், விலங்குக்கு வேறு நிறம். அடுத்தவர் ஆடும்போதே உங்கள் முடிவை எடுத்துவிடுங்கள். அப்புறம், சண்டை இல்லாத காட்சிகளில் விலங்கை வேறு ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். "நீங்க கொஞ்ச நேரம் நாயா பேசுங்க" என்றால் கூச்சப்படுகிறவர்கள்கூட வாய் திறக்கிறார்கள்.

"பீஸ்ட் மாஸ்டர் ஆடிக்கிட்டே ஃபெமிலியரும் வெச்சுக்கலாமா?"

வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஃபெமிலியர் கூடாது என்றுதான் விதி, கம்பேனியனும் ஃபெமிலியரும் சேரத் தடை இல்லை. தடுமாறுவது வேறு இடத்தில்: போனஸ் ஆக்‌ஷன். பிரைமல் கம்பேனியனுக்குக் கட்டளை, ரேஞ்சர் ஒரு எதிரியைக் குறி வைக்கும் 'ஹன்டர்ஸ் மார்க்' ஸ்பெல், அதை வேறு எதிரிக்கு மாற்றுவது, எல்லாமே ஒரே போனஸ் ஆக்‌ஷனைக் கேட்கும். ஒரு டர்னில் ஒன்றுதான். முதல் சுற்றில் மார்க், அடுத்த சுற்றிலிருந்து விலங்கு என்று ஆடினால் ஓரளவு சமாளிக்கலாம். லெவல் 5-க்குப் பிறகு உங்கள் ஒரு அட்டாக்கை விட்டுக்கொடுத்து விலங்கைத் தாக்கச் சொல்லும் வழி இருப்பதால் நெருக்கடி குறையும். முந்தைய கேள்வியில் சொன்ன நேரப் பிரச்சினை மட்டும் இரட்டிப்பாகும்.

"எங்க கூட்டத்துல ஒருத்தருக்குப் பாம்புன்னாலே பயம். நான் பாம்பு எடுத்தா?"

எடுக்காதீர்கள், அல்லது அவரிடம் தனியாகக் கேட்டுவிட்டு எடுங்கள். பாம்பு, சிலந்தி, எலி மூன்றுக்கும் இது பொருந்தும். விஷப்பாம்பின் எண்களை அப்படியே வைத்து, கொடுக்கில் விஷம் உள்ள பெரிய தேள் என்றோ, நஞ்சு தோய்ந்த நகமுள்ள பறவை என்றோ சொல்லலாம். சிலருக்கு விலங்குகள் துன்பப்படும் காட்சியே தாங்காது. அதையும் ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய பேச்சிலேயே எல்லோரிடமும் கேட்டுவிடுவது நல்லது.

"என் நாயும் லெவல் ஏறணும். வாங்கின நாய்தான்."

டாஷாவில் 'சைட்கிக்' (துணைப் பாத்திரம்) விதிகள் உள்ளன. சேலஞ்ச் ரேட்டிங் 1/2 அல்லது அதற்குக் கீழே உள்ள எந்த உயிரையும் சைட்கிக் ஆக்கலாம். மூன்று வகையில் எக்ஸ்பர்ட், ஸ்பெல்காஸ்டர் இரண்டுக்கும் பேசத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் நாய்க்கு வாரியர்தான். கூட்டத்தோடு சேர்ந்து அதுவும் லெவல் ஏறும், ஹெச்பி கூடும். ஆட்கள் குறைவாக இருக்கும் மேஜைக்கு, அதாவது டிஎம்மும் ஒன்றிரண்டு பேரும் மட்டும் ஆடும் இடத்துக்கு, இது அருமையான வழி. ஐந்தாறு பேர் ஆடும் இடத்தில் நான் அனுமதிக்கத் தயங்குவேன்.

"நாங்க பாத்ஃபைண்டர் ஆடறோம். இதெல்லாம் அங்க செல்லுமா?"

பாத்ஃபைண்டர் இதே மாதிரியான வேறு ஓர் ஆட்டம். முதலில் கேட்ட அந்த "என்ன செய்வதைப் பார்க்க ஆசை?" என்ற கேள்வி செல்லும், எண்கள் செல்லாது. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் உங்கள் மூன்று ஆக்‌ஷனில் ஒன்றைக் கொடுத்தால் விலங்குக்கு இரண்டு ஆக்‌ஷன் கிடைக்கும். இங்கே இருக்கும் போனஸ் ஆக்‌ஷன் இழுபறி அங்கே இல்லை. முதல் லெவலிலேயே ரேஞ்சருக்கும் விலங்கு வழியைத் தேர்ந்த ட்ரூயிட்டுக்கும் துணை கிடைக்கும், அது குட்டியாகத் தொடங்கி ஃபீட் எடுக்க எடுக்க வளரும். இறந்தால் ஒரு வார ஓய்வுக் காலத்தில் புதியதைச் சேர்க்கலாம். துணை விலங்குக்காகவே ஒரு கேரக்டர் ஆட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, கூட்டம் ஒத்துக்கொண்டால் அந்த ஆட்டத்தையே நான் சொல்வேன்.